வயதான வளர்ப்புக் கோழிக்குச் செள் பிடித்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கோழியின் உடம்பில் ஊரும் எதையும் செள் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அதற்குள் நான்கைந்து வகை இருக்கிறது. ஒன்று கூண்டில் குடியிருந்து இரவில் மட்டும் வந்து இரத்தம் குடிக்கும். ஒன்று கோழியின் மேலேயே பிறந்து அங்கேயே சாகும். இன்னொன்று காலின் செதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டும். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றுக்கு வீண். கூண்டில் இருப்பதற்குக் கோழியைக் குளிப்பாட்டிப் பயனில்லை, கோழி மேல் இருப்பதற்குக் கூண்டை மட்டும் கழுவியும் பயனில்லை.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் கோழியிடம் எது தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேரே போய்விடலாம். ஆனால் கோழிக்கு வயது ஐந்து, ஆறைத் தாண்டியிருந்தால், எங்கே தொடங்கினாலும் 'அதற்கு மட்டும்தான் பிடித்திருக்கிறது' என்ற பகுதியையும் படித்துவிடுங்கள். நல்ல உடம்போடு இருக்கும் கோழியிடமும் இரண்டு மூன்று செள் இருக்கத்தான் செய்யும். நாள் முழுக்க அலகால் கோதியும், மண்ணில் புரண்டும் அது எண்ணிக்கையை ஏறவிடாமல் பார்த்துக்கொள்ளும். வயதான கோழியிடம் திடீரென்று ஆயிரக்கணக்கில் தெரிகிறது என்றால், கோழி அந்த வேலையை நிறுத்தி சில வாரங்கள் ஆகிவிட்டன என்று பொருள். ஏன் நிறுத்தியது என்பதைத்தான் கடைசியில் கண்டுபிடித்தாக வேண்டும்.

முதலில் கையில் எடுத்துப் பாருங்கள்

பொழுது சாயும் நேரம் நல்லது, கோழி அடங்கியிருக்கும். மடியில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, கோழியின் தலை உங்கள் முழங்கை பக்கம் இருக்கும்படி இடுக்கிக்கொள்ளுங்கள். இறக்கை இரண்டும் உங்கள் கைக்கும் உடம்புக்கும் நடுவே அடங்கியிருந்தால் படபடக்காது. வயதான கோழியை மல்லாக்கப் போடாதீர்கள். வயிற்றில் நீர் கோத்திருந்தால் அந்த நிலையில் அதற்கு மூச்சு முட்டும்.

வால் அடியில் இறகை எதிர்த்திசையில் விலக்கி, தோல் தெரியும்வரை வாயால் ஊதிப் பாருங்கள். பின்துவாரத்தைச் சுற்றி, அடிவயிறு, தொடை இடுக்கு, இறக்கைக்கு அடியில், கழுத்தின் பின்பக்கம் என்ற வரிசையில் போனால் எதுவும் விடுபடாது. கண்ணாடி போட்டும் தெரியவில்லை என்றால் கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள், உருப்பெருக்கிக் கண்ணாடியைவிட எனக்கு அதுதான் வசதி. பிறகு காலைப் பார்க்க வேண்டும், பாதத்தின் அடியையும் சேர்த்து. கடைசியாகக் கொண்டை, வாயின் உள்பக்கம்.

இதே சோதனையின் மறுபாதி இரவில். இருட்டி இரண்டு மணி நேரம் கழித்து டார்ச்சோடு கூண்டுக்குப் போங்கள். கோழி உட்காரும் கட்டையின் மேல்பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், அடிப்பக்கத்தையும் கட்டை சுவரில் பொருந்தும் முனைகளையும் பாருங்கள்.

கொண்டை வெளுத்திருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறது

வேறு எதையும் படிக்கும் முன்பு இதை முடிவு செய்துவிட வேண்டும். முட்டையிடுவதை நிறுத்திவிட்ட கோழிக்குக் கொண்டை தானாகவே சுருங்கி நிறம் மங்கும், அது நோயில்லை. ஆகவே கொண்டையை மட்டும் நம்பாமல் அலகைத் திறந்து வாயின் உள்பக்கத்தைப் பாருங்கள், கீழ் இமையை மெல்ல இழுத்து உள்புறத்தையும் பாருங்கள். அங்கே இளஞ்சிவப்பு இருந்தால் நேரம் இருக்கிறது. காகிதம் போல வெளுத்திருந்தால் இரத்தம் வற்றிவிட்டது. கோழியின் இரத்தம் மொத்தமே உடல் எடையில் 6 முதல் 8 சதவீதம்தான். ஒவ்வொரு இரவும் ஆயிரக்கணக்கில் வந்து குடித்தால் இரண்டு கிலோ கோழி எத்தனை நாள் தாங்கும்?

அப்படியென்றால் அன்று இரவே கோழியை அந்தக் கூண்டிலிருந்து எடுத்துவிடுங்கள். வீட்டுக்குள் ஓர் அட்டைப் பெட்டி, சுத்தமான துணி, காற்றடிக்காத இளஞ்சூடான மூலை, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர். வழக்கமான தீவனத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, அவித்த முட்டையை மசித்துக் கலந்து கொடுத்தால் பெரும்பாலும் கொத்தும். குளிப்பாட்ட வேண்டாம், இரண்டு மூன்று மருந்தை ஒரே நாளில் போடவும் வேண்டாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுவதை மறுநாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள். இரத்தம் ஊறித் தேறச் சில வாரங்கள் ஆகும்.

கொண்டை வெளுக்காமல் நீலம் பாய்ந்திருந்தால் அது செள் விஷயமே இல்லை. இதயமோ நுரையீரலோ காரணமாக இருக்கலாம், அதுவும் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

பகலில் உடம்பில் ஒன்றும் இல்லை, ஆனால் இரவில் கூண்டுக்குள் போக மாட்டேன் என்கிறது

இது சிவப்புச் செள். பெயரில்தான் சிவப்பு. இரத்தம் குடிக்காதபோது சாம்பல் நிறத்தில் இருக்கும், குடித்த பிறகுதான் சிவக்கும். வளர்ந்ததே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகாது. பகல் முழுக்கக் கூண்டின் விரிசலில் கிடக்கும், இருட்டியதும் ஏறி வந்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் குடித்துவிட்டு இறங்கிவிடும். அதனால்தான் பகலில் கோழியை எத்தனை புரட்டினாலும் சுத்தமாகத் தெரியும்.

கோழி சொல்லிக் காட்டும் அடையாளங்கள் உண்டு. மாலையில் கூண்டு வாசலில் நின்றுகொண்டு தயங்கும், வெளியிலேயே மரத்திலோ மதிலிலோ உட்காரப் பார்க்கும், இரவு முழுக்கக் காலை மாற்றி மாற்றி வைக்கும். முட்டை ஓட்டில் சின்னச் சின்ன இரத்தப் புள்ளி இருந்தால், நசுங்கிய செள்ளாக இருக்கலாம். கட்டையின் முனையில் உப்பும் மிளகும் கலந்து தூவினாற்போல ஒரு தூள் படிந்திருக்கும். உறுதி செய்ய ஒரு வெள்ளைக் காகிதத்தை விரிசலில் விட்டு இழுத்துப் பாருங்கள், அல்லது இரவில் ஈரமான வெள்ளைத் துணியால் கட்டையின் அடியை ஒருமுறை துடையுங்கள். சிவப்புக் கோடு விழுந்தால் சந்தேகமே இல்லை.

வயதான கோழி விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கால் வலியால் அது கட்டையில் ஏறுவதை எப்போதோ விட்டிருக்கும், முட்டையிடும் பெட்டியின் மூலையில்தான் படுத்திருக்கும். செள்ளும் அதன் பின்னாலேயே அங்கே குடிமாறியிருக்கும். கட்டையைப் பார்த்துச் சுத்தம் என்று நினைத்துவிடுகிறோம். கோழி உண்மையில் எங்கே தூங்குகிறதோ அந்த இடத்தில் தேடுங்கள்.

வேலை முழுக்கக் கூண்டில்தான். கோழிகளை இரண்டு மூன்று நாள் வேறிடத்தில் வையுங்கள். வைக்கோல், மரத்தூள் எதுவாக இருந்தாலும் மொத்தமாக வாரிப் பையில் கட்டி அன்றே அப்புறப்படுத்துங்கள், கூண்டுக்குப் பக்கத்தில் குவிக்காதீர்கள். கழற்ற முடிந்த கட்டை, பெட்டி எல்லாவற்றையும் வெளியே எடுத்து முனைகளில் கொதிக்கும் நீரை ஊற்றுங்கள். 45 டிகிரிக்கு மேல் சூடு தாங்காமல் இவை செத்துவிடும், ஆனால் சூடு விரிசலின் அடிவரை இறங்க வேண்டும். அதனால் ஒரு செம்பு நீரைத் தெளித்துவிட்டு வந்தால் போதாது. நன்றாக உலர்ந்த பிறகு, கோழிக்கூண்டுக்கென்று அனுமதிக்கப்பட்ட பூச்சிமருந்தை விரிசல்களில் அடியுங்கள். கோழிகளைத் திரும்ப விடுவதற்கு முன்பு கூண்டு முழுவதும் காய்ந்திருக்க வேண்டும்.

ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளியில் இதையே இன்னும் இரண்டு முறை செய்தாக வேண்டும். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து வளர்ந்த செள்ளாக ஏழு முதல் பத்து நாள் போதும். முதல் தடவை தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்து நிற்கும்.

கூண்டைக் காலியாகப் போட்டுப் பட்டினி போட்டால் செத்துவிடாதா என்று கேட்பார்கள். எட்டு மாதம் வரைகூடக் குடிக்காமல் உயிரோடு இருக்கும். அதைவிடக் கட்டையைத் தனிமைப்படுத்துவது புத்திசாலித்தனம். கட்டை சுவரைத் தொடாமல் நான்கு கால் மேல் நிற்கும்படி செய்து, ஒவ்வொரு காலையும் எண்ணெய் ஊற்றிய கிண்ணத்தில் வைத்துவிட்டால் ஏறி வர வழியில்லை. நெளிநெளியான அட்டையைச் சுருட்டிக் கட்டையின் அடியில் கட்டிவைத்தால் செள் அதற்குள் போய் ஒண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை அதை அவிழ்த்து இறுக்கமான பையில் போட்டு எரித்துவிடலாம். எத்தனை மிஞ்சியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளவும் அந்த அட்டைதான் அளவுகோல்.

பட்டப்பகலிலும் உடம்பில் ஊர்கிறது, பின்பக்க இறகு கறுத்துப் பிசுபிசுக்கிறது

இது கோழியை விட்டு இறங்காத வகை. பின்துவாரத்தைச் சுற்றித்தான் முதலில் பெருகும். செள், அதன் முட்டை, எச்சம், காய்ந்த இரத்தம் எல்லாம் சேர்ந்து இறகின் அடியில் கரி பூசினாற்போல ஆகிவிடும். கோழியைத் தூக்கிவிட்டுக் கீழே வைத்த ஒரு நிமிடத்தில் உங்கள் முன்கையில் ஊறல் தொடங்கினால் இதுவாகத்தான் இருக்கும். வெயில் காலத்தைவிடக் குளிர் மாதங்களில் இது வேகமாகப் பெருகும்.

வெள்ளைக் கோழியிடம் அந்தக் கறுப்பு பளிச்சென்று தெரியும். எங்கள் கருப்பி பெயருக்கேற்ற நிறம், அவளுக்கு எட்டு வயது. வாரம் ஒருமுறை பார்க்கிறேன் என்ற பெருமையில் இருந்தேன். பார்த்ததெல்லாம் கறுப்பு இறகின் மேல் கறுப்பு. ஒருநாள் தற்செயலாக வால் அடியில் விரலை விட்டபோதுதான், பட்டுப்போல இருக்க வேண்டிய இடம் காய்ந்த பசை போல மொரமொரவென்று இருந்தது. விரலை வெளியே எடுத்தால் நகத்தின் ஓரத்தில் மூன்று புள்ளி நடந்துகொண்டிருந்தது. கருநிறக் கோழி வைத்திருப்பவர்கள் கண்ணை நம்பாமல் விரலால் தடவிப் பாருங்கள்.

ஒரு குழப்பம் வரக்கூடும். வயதான கோழிக்கு எச்சம் ஒட்டிப் பின்பக்கம் அழுக்காவது சாதாரணம். எச்சம் என்றால் இறகின் நுனியில் வெள்ளையும் பழுப்புமாக ஒட்டியிருக்கும், வெதுவெதுப்பான நீரில் கரையும். செள் அழுக்கு இறகின் அடித்தண்டில், தோலை ஒட்டி இருக்கும். பல நேரம் இரண்டும் சேர்ந்தே இருக்கும், ஈரமும் அழுக்கும் செள்ளுக்கு நல்ல வீடு.

முதலில் பின்துவாரத்தைச் சுற்றியுள்ள அடர்ந்த பஞ்சிறகைக் கத்தரிக்கோலால் குட்டையாக வெட்டிவிடுங்கள். புதிதாக முளைக்கும், இரத்தம் ஓடும் இறகுக்குருத்தை வெட்டிவிடக் கூடாது, அது நீல நிறத் தண்டோடு இருக்கும். இறகு குறைந்தாலே செள்ளுக்குப் பாதி வீடு போய்விடும். பிறகு கோழிகளுக்கென்று விற்கும் 0.25 சதவீத பெர்மெத்ரின் தூளை வால் அடியிலும் இறக்கை அடியிலும் தோலில் படும்படி விரலால் தேய்த்துவிடுங்கள். இறகின் மேலே தூவினால் அது காற்றோடு போகும். கோழியின் முகத்திலும் உங்கள் மூக்கிலும் படக் கூடாது. வீட்டில் பூனை இருந்தால் தூள் போட்ட அன்று அதைக் கோழியின் பக்கமே விடாதீர்கள். பெர்மெத்ரின் பூனைக்கு விஷம், மீனுக்கும் தேனீக்கும் அப்படித்தான்.

ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் திரும்பப் போட வேண்டும், முட்டையை எந்தத் தூளும் கொல்லாது. ஒரு கோழியிடம்தான் தெரிகிறது என்றாலும் கூட இருக்கும் எல்லாவற்றுக்கும் போடுங்கள். இந்த வகையும் கோழி இல்லாமல் சில வாரம் தாக்குப்பிடிக்கும் என்பதால் படுக்கையையும் மாற்றிவிட வேண்டும்.

குளிப்பாட்டலாமா? அழுக்கு கட்டியாகிவிட்டிருந்தால் பின்பக்கத்தை மட்டும் வெதுவெதுப்பான நீரில் கழுவலாம். கழுவினால் தோல்வரை உலர்த்தியாக வேண்டும். கோழியின் உடம்புச் சூடு சாதாரணமாகவே 41 டிகிரி. நனைந்த இறகோடு அந்தச் சூட்டைக் காப்பாற்ற வயதான, மெலிந்த கோழியால் முடியாது. செள் போய்விட்டது, கோழி குளிரில் விறைத்துவிட்டது என்று ஆகிவிடக் கூடாது.

காலில் செதில் தூக்கிக்கொண்டிருக்கிறது, சுண்ணாம்பு பூசினாற்போல மேடு

கால் செள். கண்ணுக்குத் தெரியாது, தேடவும் வேண்டாம். செதிலுக்கு அடியில் தோலைக் குடைந்து முழு வாழ்க்கையும் அங்கேயே முடித்துக்கொள்ளும். அதன் கழிவும் தோலின் கசிவும் சேர்ந்து செதிலை அடியிலிருந்து நெம்பும்.

வயதால் தடித்த கால் வேறு. அதில் செதில் பெரிதாக, கரடாக இருந்தாலும் ஓட்டு வீட்டின் ஓடு போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். செள் பிடித்த காலில் ஓடு கலைந்திருக்கும், இடுக்கில் வெள்ளைப் பொடி இருக்கும். மூட்டு வீங்கியிருந்தால், உள்ளங்காலில் கறுப்புப் பொருக்கோடு கொப்புளம் இருந்தால், அவை வேறு நோய். அதற்கு எண்ணெய் தடவிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள்.

வைத்தியம் எளிது, பொறுமைதான் வேண்டும். வெதுவெதுப்பான சோப்பு நீரில் காலைப் பத்து, பதினைந்து நிமிடம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் செதில் போகும் திசையில் மெல்லத் தேயுங்கள். ஈரம் போகத் துடைத்து வாசலினையோ தாவர எண்ணெயையோ தடிமனாக அப்பிவிடுங்கள், செள் மூச்சு முட்டிச் சாகும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்று நான்கு வாரம். தூக்கி நிற்கும் செதிலைப் பார்த்தால் நகத்தால் நெம்பத் தோன்றும், கையைக் கட்டிக்கொள்ளுங்கள். அடியில் பச்சைத்தோல், பிய்த்தால் இரத்தம் வரும், சீழும் பிடிக்கும்.

மண்ணெண்ணெய், டீசல், எஞ்சின் எண்ணெய் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். செள் சாகும், காலும் வெந்துபோகும், அலகால் காலைத் தொடும் கோழிக்கு அது வயிற்றுக்குள்ளும் போகும். நடையே தடுமாறும் அளவுக்கு முற்றியிருந்தால் ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து வேலை செய்யும். அளவை எடை பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். முட்டையிடும் கோழியாக இருந்தால் எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

செள் செத்த பிறகும் கால் உடனே அழகாகாது. புதுச் செதில் வந்து பழையது உதிர மாதக் கணக்கில் ஆகும். சில மேடு கடைசிவரை இருக்கும். புதிதாகப் பொடி சேரவில்லை என்றால் வைத்தியம் பலித்துவிட்டது.

இறகு கொட்டுகிறது

பதறுவதற்கு முன்பு, இது வருடாந்திர இறகு உதிர்ப்பா என்று பாருங்கள். அது தலை, கழுத்தில் தொடங்கி வால் பக்கம் நகரும், வெற்றிடத்தில் முள் முள்ளாகக் குருத்து நிற்கும், தோல் சுத்தமாக இருக்கும். இரண்டு மூன்று மாதம் ஆகலாம், வயதான கோழி இன்னும் இழுத்தடிக்கும்.

இறகு உதிராமல் அடியில் ஒடிந்திருந்தால், கோழியே வெறிபிடித்தாற்போல இறகைப் பிடுங்கினால், இறகின் வேரில் குடையும் செள்ளாக இருக்கலாம். கால் செள்ளின் தாயாதி அது. தோலுக்குள் இருப்பதால் தூள் எட்டாது, மருத்துவரிடம்தான் போக வேண்டும். முதுகில் மட்டும் வழுக்கை என்றால் சேவலைக் கேளுங்கள், இணையும்போது அது மிதித்து உதிர்ந்த இறகாக இருக்கும்.

வைக்கோல் நிறத்தில் வேகமாக ஓடுகிறது, இறகடியில் வெள்ளை முடிச்சு

அது பேன். இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருக்கும், ஆறு கால். வளர்ந்த செள்ளுக்கு எட்டு. கோழிப்பேன் பெரும்பாலும் தோல் செதிலையும் இறகையும் தின்று வாழும், கோழியை விட்டு இறங்கினால் சில நாளில் செத்துவிடும். அதே பெர்மெத்ரின் தூள், அதே ஏழு நாள் கணக்கு. முட்டைக் கொத்து ஒட்டிய இறகை வெட்டி எறிந்துவிடலாம்.

கண்ணைச் சுற்றிக் கறுப்புப் புள்ளி, தட்டினாலும் நகரவில்லை

ஒட்டித் தெள்ளு. தலையைத் தோலில் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வாசலினை விரலால் பூசிவிட்டு மறுநாள் மென்மையான இடுக்கியால் எடுங்கள். கண்ணுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்து போட்டோம், பத்தாம் நாள் திரும்பி வந்துவிட்டது

பெரும்பாலும் இரண்டாம் தவணையை விட்டிருப்போம். முதல் தடவையிலேயே உடம்பு சுத்தமாகத் தெரிவதால் கை ஓய்ந்துவிடுகிறது. நாள்காட்டியில் மூன்று தேதியையும் அன்றே குறித்துவிடுங்கள்.

தவணை சரியாகப் போட்டும் வந்தால் வெளியே தேடுங்கள். கூண்டுக்கூரையில் குருவிக்கூடு இருக்கிறதா, எலி நடமாட்டம் உண்டா, பழைய கூண்டோ தீவனத் தட்டோ இரவல் வாங்கினீர்களா? இவை எல்லாமே செள் வந்து சேரும் வழிகள். அதுவும் இல்லையென்றால் மருந்து பலிக்காமல் போயிருக்கலாம். சிவப்புச் செள் பல இடங்களில் பெர்மெத்ரின் வகைக்குப் பழகிவிட்டது. அளவைக் கூட்டாதீர்கள், மருந்தின் வகையை மாற்றுங்கள். குடிநீரில் கலந்து கொடுக்கும் புளூராலனர் என்ற மருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017-இல் அனுமதி பெற்றது. கோழியின் இரத்தம் வழியாகச் செள்ளுக்குப் போய்ச் சேரும், ஏழு நாள் இடைவெளியில் இரண்டு தவணை. உங்கள் நாட்டில் கோழிக்குக் கிடைக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

நாய், பூனைக்கு வாங்கிய சொட்டு மருந்து அலமாரியில் இருக்கிறதே என்று கை போகும். அவற்றில் பலவற்றில் பிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. 2017-இல் நெதர்லாந்து, பெல்ஜியம் பண்ணைகளில் சிவப்புச் செள்ளை ஒழிக்கப் பயன்படுத்திய கலவையில் இதே பிப்ரோனில் கலந்திருந்தது. முட்டையில் ஏறி, லட்சக்கணக்கான முட்டைகளை அழிக்க வேண்டி வந்தது. உங்கள் கோழி முட்டையிடாத கிழமாகவே இருக்கலாம், ஆனால் ஒரு சின்ன உடம்புக்கு நாயின் அளவை ஊகித்துப் போடுவது சூதாட்டம்.

என் கையிலும் கழுத்திலும் கடிக்கிறது

கடிக்கும், அரிக்கும், ஆனால் மனித உடம்பில் தங்கிப் பெருகாது. துணியைச் சுடுநீரில் அலசிவிட்டுக் குளித்தால் போதும். அரிப்பு நாள்தோறும் தொடர்ந்தால் கூண்டு இன்னும் சுத்தமாகவில்லை.

மற்ற கோழிகளுக்கு இல்லை, அதற்கு மட்டும்தான் பிடித்திருக்கிறது

ஒரே கூண்டு, ஒரே மண். மற்றவற்றிடம் நாலைந்து, இதனிடம் ஆயிரம். அப்படியானால் இந்தக் கோழிக்குக் கோதவோ புரளவோ முடியவில்லை. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

அலகு. மேல் அலகின் நுனி கீழ் அலகைவிட ஒரு மில்லிமீட்டர் போல வளைந்து நீண்டிருக்க வேண்டும், அந்தக் கொக்கிதான் செள்ளைக் கவ்வும். குஞ்சாக இருந்தபோதே அலகு வெட்டப்பட்ட கோழிக்கு அந்தக் கொக்கி இல்லை, வாழ்நாள் முழுக்க அதற்குச் செள் கூடுதலாகவே பிடிக்கும். மிகவும் நீண்டு வளர்ந்த அலகும், கத்தரிக்கோல் போலக் குறுக்காகப் போன அலகும் இதே கதைதான். நீண்டிருந்தால் நுனியை நகவெட்டி அரத்தால் சிறிது சிறிதாகத் தேய்க்கலாம். அடியில் இரத்தம் ஓடும் பகுதிவரை போகக் கூடாது.

கழுத்தும் காலும். வாலுக்கு மேலே உள்ள எண்ணெய்ச் சுரப்பியை எட்டக் கழுத்தை முழுக்கத் திருப்ப வேண்டும், மூட்டு வலி இருந்தால் பாதியில் நின்றுவிடும். மண்ணில் படுப்பது எளிது, புரண்டு எழுவதுதான் சிரமம். மண் குளியல் குழி ஆழமாக, விளிம்பு உயரமாக இருந்தால் வயதான கோழி இறங்கவே இறங்காது. கருப்பிக்கு விளிம்பு இல்லாத அகலமான தட்டில் உலர்ந்த மண்ணும் மணலும் போட்டு, வெயில் படும் இடத்தில், மற்றவர்கள் வராத நேரத்தில் வைத்தேன். முதல் நாள் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒரே இறக்கையால் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள், மறுபக்கம் திரும்ப முடியவில்லை. அந்தப் பக்கத்துக்கு நான் ஒரு கைப்பிடி மண்ணைத் தூவிவிட்டேன்.

மண்ணில் சிறிதளவு கந்தகத் தூள் கலந்தால் செள் நன்றாகவே குறையும், கண்ணில் படாதபடி அடியில் கலந்துவிட வேண்டும். டயட்டோமைட் தூளை (நுண்பாசிகளின் புதைபடிவத் தூள்) பலரும் புகழ்கிறார்கள், எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஈரம் பட்டால் வேலை செய்யாது, பறக்கும்போது நுரையீரலை அறுக்கும், வயதான கோழிக்கு அதுவேறு வேண்டாம். மரச்சாம்பல் உலர்ந்திருக்கும்வரை பரவாயில்லை, நனைந்தால் தோலை எரிக்கும்.

அப்புறம் அதிகார வரிசை. கிழக்கோழியைக் குட்டிக்கோழிகள் குழியிலிருந்து கொத்தி விரட்டும். நீங்கள் நிற்கும்போது செய்யாது, தூரத்திலிருந்து கால் மணி நேரம் கவனித்தால் தெரிந்துவிடும்.

இது எதுவும் இல்லையென்றால் கோழி உள்ளுக்குள் நோயோடு இருக்கிறது. நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். இரு பக்கமும் சதை இல்லாமல் கத்தி முனைபோல நின்றால் மெலிந்துவிட்டது. அடிவயிறு தண்ணீர்ப் பை போலத் தளும்பினால், முட்டைப்பாதையிலோ சினைப்பையிலோ கட்டி, வீக்கம், நீர்க்கோப்பு எதுவும் இருக்கலாம், வயதான பெட்டைகளிடம் அடிக்கடி வருவதுதான். காலையில் தீவனம் வைக்கும் முன்பே கழுத்தின் அடியில் இருக்கும் தீனிப்பை நிரம்பியிருந்தால் செரிமானம் நின்றிருக்கிறது. இந்த மூன்றில் எது தெரிந்தாலும் செள் மருந்தோடு நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள், 'செள் பிடித்திருக்கிறது' என்று மட்டும் சொல்லாமல் இதையும் சொல்லுங்கள். செள்ளுக்குத் தூள் வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

செள் போய்விட்டது, ஆனால் இன்னும் கோதவில்லை

மூட்டு வலியும் அலகும் வயதும் பழையபடி மாறப்போவதில்லை. அப்படியென்றால் கோதும் வேலை உங்களுடையது. வாரத்தில் ஒரு குறிப்பிட்ட மாலை, அதே வெள்ளைத் துண்டு, அதே வரிசை. பின்பக்க இறகை எப்போதும் குட்டையாகவே வைத்திருங்கள். புதுத் தண்டில் காய்ந்து நிற்கும் உறையை விரலால் உருட்டினால் பொடியாக உதிரும், அடியில் இன்னும் நீலம் தெரிந்தால் தொடாதீர்கள், வலிக்கும். முடித்ததும் சமையலறைத் தராசில் நிறுத்தி எடையைத் தேதியோடு எழுதிவையுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து இறங்கினால் மருத்துவர். கருப்பியின் நோட்டில் கடந்த மாதம் நான்கு வாரமும் 1.8 கிலோ. கழுத்தின் பின்பக்கம், அலகே எட்டாத அந்த இடத்தில் இறகை விலக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறாள்.